தூண்டுதல் எங்கிருந்து வருகிறது?

தம் நாவல் பிறந்த வரலாற்றை மேடையில் கூறும் எழுத்தாளர் பலர் உள்ளொளி, தனிமை, தாமாகவே பேசத் தொடங்கிய பாத்திரங்கள் என்று அடுக்குகின்றனர். அப்பாத்திரங்களின் கூலி என்ன, குடியிருப்பு எது என்ற வினாக்கள் அங்கே எழுவதில்லை. கெலிஓயாவில், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம் இதை ஏற்பதற்கில்லை.

மலையகத்தின் முன்னோடிகளைப் பாருங்கள். சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவரை அனுப்பிய மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர் எழுதிய நாவலின் பெயர் 'வீடற்றவன்'. அத்தலைப்பை விளக்க உள்ளொளி எதற்கு? 'காலங்கள் சாவதில்லை' (1974) நாவலைத் தந்த தெளிவத்தை ஜோசப், தாம் ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். தம் எழுத்து எவருக்குக் கடன்பட்டது என்பதை நூலின் அட்டையிலேயே அறிவித்தார்.

கற்பனையும் கைத்திறனும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. திறனற்ற எழுத்து மக்களுக்கும் பயன்படாது. ஆனால், யாரோடு வாழ்ந்தோம், எவர் பக்கம் நின்றோம் என்பதிலேயே படைப்பு தொடங்கிவிடுகிறது.

மாணவ நண்பர்களே! அடுத்த கூட்டத்தில், "எப்படி எழுதினீர்கள்?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "எவருடைய வாழ்வை எழுதினீர்கள்? அவர்கள் அதைப் படித்தார்களா?" என்றும் கேளுங்கள்.