இரண்டு நிமிட இடைவெளி



ஓட்டப்பந்தய உவமை நம்முடைய பிரசங்கங்களில் ஓயாமல் ஒலிக்கிறது. திரும்பிப் பாராமல் ஓடு, எவருக்காகவும் நில்லாதே, பின்தங்கியவனைப் பார்த்துச் சோர்ந்துபோகாதே, முந்திக்கொள் என்று வாலிபர் கூட்டங்களிலும் உபவாச ஜெபங்களிலும் போதிக்கிறோம். கேட்கிறவர்கள் உற்சாகமாய் ஆமென் சொல்லுகிறார்கள். இந்தப் போதனை வேதத்திலிருந்து வந்தது அன்று. போட்டித் தேர்வுகளுக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்பறையிலிருந்து வந்தது. அதை ஆலயத்துக்குள் கொண்டுவந்து பவுலின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். இதைக் கண்டித்து எழுதுவது என் கடமை என்று எண்ணுகிறேன்.

பந்தயத்தைப் பற்றிப் பேச விரும்புவோர் மெய்யான ஒரு பந்தயத்தைக் கவனிக்கட்டும். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் கேப் எபிக் என்னும் நெடுந்தூர மலைப்பாதை மிதிவண்டிப் போட்டி 2004 முதல் நடைபெற்று வருகிறது. எட்டு நாட்களில் ஏறத்தாழ 600 முதல் 700 கிலோமீட்டர் கடக்க வேண்டும். தார்ச்சாலை மிகக் குறைவு. கல்லும் மணலும் புழுதியும் நிறைந்த மலைத்தடங்களே மிகுதி. எட்டு நாட்களில் ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் எவரெஸ்டின் உயரத்தைக் காட்டிலும் அதிகமாகும். உலகத்தின் தலைசிறந்த வீரர்களும் அங்கே களைத்து விழுகிறார்கள்.

இத்தனை கடினமான போட்டியில் தனி ஒருவனாகப் பெயர் கொடுக்க முடியாது. இருவர் சேர்ந்ததே ஓர் அணி. அந்த இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது விதி. விழுந்தால் தண்டனை உண்டு. முதலாமவன் முடிவுக்கோட்டைத் தாண்டிவிட்டதால் அணியின் கணக்கு முடிந்துவிடாது. இரண்டாமவனும் வந்து சேர வேண்டும். கூட்டாளி நோயினாலோ காயத்தினாலோ விலகிவிட்டால் மற்றவன் தொடர்ந்து ஓட்டலாம். ஆனால் தரவரிசைப் பட்டியலில் அவனுக்கு இடமில்லை. அவனுடைய கால்கள் எவ்வளவு பலமுள்ளவையாயிருந்தாலும் தனியே வந்து சேர்ந்தவனை வெற்றியாளன் என்று அந்தப் பந்தயம் அழைப்பதில்லை.

கிறிஸ்டோஃப் சாசர் என்னும் சுவிட்சர்லாந்து வீரர் இப்போட்டியை ஐந்து முறை வென்றவர். ஜெர்மானியரான கார்ல் பிளாட்டும் ஐந்து முறை வென்றார். ஆனால் அந்த வெற்றிகளில் ஒன்றையேனும் அவர்கள் தனியே பெறவில்லை. ஒவ்வொன்றிலும் பக்கத்தில் இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கிறது. 2011லும் 2012லும் சாசரோடு சேர்ந்து வென்றவர் பரி ஸ்டாண்டர் என்னும் தென்னாப்பிரிக்க இளைஞர். 2013 ஜனவரி 3ஆம் தேதி சாலையில் மிதிவண்டியில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது வேன் மோதி ஸ்டாண்டர் இறந்துபோனார். அவருக்கு வயது 25. அந்த ஆண்டுப் பந்தயத்துக்குச் சில வாரங்களே இருந்தன. துணையை இழந்த சாசரோடு செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி வந்து இணைந்தார். இருவருமாய் ஓட்டி முடித்து வென்றார்கள். ஓர் இடம் வெறுமையானபோது அந்த இடத்தில் நிற்க இன்னொருவர் வந்தார்.

இனி நம்மைப் பார்ப்போம். கணவனை அடக்கம்பண்ணிய சகோதரியிடம், கர்த்தர் உங்களைப் பலப்படுத்துவார் என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு வருகிறோம். நாற்பதாம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதித்தவர் எத்தனை பேர்? கடனில் சிக்கி வெட்கத்தினால் ஆராதனைக்கு வராமல் நின்றுபோன குடும்பத்தை யார் தேடினோம்? பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு மேடையில் சால்வை போடுகிறோம். அதே வகுப்பில் தோற்றுப்போன பிள்ளை அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்கார்ந்திருந்தான், வந்தானா என்பதாவது நமக்குத் தெரியுமா? பதவி உயர்வு சாட்சியாகிறது, புது வீடு சாட்சியாகிறது; வேலை இழந்தவன் சொல்வதற்குச் சாட்சி ஒன்றுமில்லை என்று மௌனமாகிறான். அந்தப் பந்தயத்தில் இடைவெளி இரண்டு நிமிடமானாலே குற்றம். நம் சபைகளில் அது இரண்டு மாதமானாலும் கேட்பாரில்லை.

இதற்கு மறுமொழியாகச் சிலர் வேதத்தையே எடுத்துக்காட்டுவார்கள். பந்தயத்தில் எல்லோரும் ஓடினாலும் ஒருவனே பரிசு பெறுகிறான் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதவில்லையா என்பார்கள். எழுதினார். கொரிந்துவுக்கு அருகே இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வாடிப்போகும் ஒரு தழைக்கிரீடத்துக்காக வீரர்கள் எவ்வளவாய்த் தங்களை ஒடுக்கினார்கள் என்பதை அந்த ஊரார் அறிவார்கள். அந்த இச்சையடக்கத்தையே பவுல் எடுத்துக்காட்டினார். உடன் ஓடுகிறவனை முந்தித் தள்ளும்படி கற்பிக்கவில்லை. அந்த வசனம் ஒன்பதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய அதிகாரம் முழுவதும் பலவீனமான சகோதரனுக்கு இடறலாகாதிருப்பதைப் பற்றியது. ஒன்பதாம் அதிகாரத்திலேயே, பலவீனருக்குத் தாம் பலவீனரைப்போல ஆனதாக அவர் சொல்லுகிறார். பதினோராம் அதிகாரத்திலோ, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடிருக்கக் கண்டு கோபங்கொண்டு, கூடிவரும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கும்படி கட்டளையிடுகிறார். ஓடச் சொன்ன அதே நிருபம் காத்திருக்கவும் சொல்லுகிறது. முதலாவதை மனப்பாடம் செய்து இரண்டாவதை மறைப்பது வேதத்தைக் கத்தரிப்பதாகும்.

பலவீனருக்காக நின்றால் ஊழியம் தாமதப்படுமே என்று வேறு சிலர் கவலைப்படுகிறார்கள். அந்த மலைப்பாதைகளில் பலமுள்ளவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். எதிர்க்காற்றில் அவன் முன்னே சென்று காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொள்ளுகிறான். அவன் நிழலில் மற்றவன் இளைப்பாறி வருகிறான். கூட்டாளியின் சக்கரம் பஞ்சரானால் இருவருமே இறங்கி நிற்கிறார்கள். இப்படியெல்லாம் செய்துதான் வேகமான அணிகள் வேகமாயிருக்கின்றன. பலம் கொடுக்கப்பட்டது இதற்காகவே. தன் பலத்தைக் கூட்டாளியிடம் செலவிடாமல் மிச்சம்பிடித்தவன் அங்கே நல்ல வீரன் அல்ல. இங்கே நல்ல விசுவாசியும் அல்ல.

பெரும் பணமும் விளம்பரமும் சூழ்ந்த உலக விளையாட்டு சபைக்குப் பாடமாகுமா என்றும் கேட்கலாம். அது பரிசுத்த ஸ்தலம் அன்று. அங்கேயும் புகழாசை உண்டு. ஆயினும் அழிந்துபோகும் பரிசுக்காக ஓடுகிறவர்களே கூட்டாளியை விட்டுப் போகக்கூடாது என்று விதி செய்துகொண்டார்கள் என்றால், அழியாத கிரீடத்துக்காக ஓடுகிற நாம் விட்டுப் போவதை விசுவாசம் என்று அழைப்பது எவ்வளவு வெட்கம்! நம் ஆண்டவர் பன்னிருவரையும் இரண்டிரண்டு பேராகவே அனுப்பினார் என்பதை மறந்துவிட்டோமா?

பவுலின் கடைசி நாட்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தை முடித்ததாக அவர் தீமோத்தேயுவுக்கு எழுதிய அதே அதிகாரத்தில், நீதியின் கிரீடம் தமக்கு மாத்திரமல்ல, கர்த்தரின் பிரசன்னமாகுதலை விரும்பும் யாவருக்கும் உண்டு என்கிறார். அதோடு, மாற்குவையும் அழைத்துக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்ளுகிறார். யார் இந்த மாற்கு? பம்பிலியாவிலே பாதி வழியில் விட்டுத் திரும்பிப்போனவன். அவனை மறுபடியும் சேர்த்துக்கொள்ளப் பவுலுக்கு அப்போது மனமில்லை, பர்னபா சேர்த்துக்கொண்டார். அன்று பர்னபாவும் கைவிட்டிருந்தால் சிறைக்கூடத்திலிருந்த முதியவர் யாரை வரவழைத்திருப்பார்?

எபிரெயருக்கு எழுதின நிருபம் இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்லுகிறது. ஆபேல் முதலான விசுவாச வீரர்களைப் பட்டியலிட்டு, நம்மையல்லாமல் அவர்கள் பூரணராகவில்லை என்று முடிக்கிறது. அதன் பின்னரே, நமக்கு முன் நியமிக்கப்பட்ட ஓட்டத்தை ஓடும்படி அழைக்கிறது. அந்த அழைப்பும் ஒருமையில் இல்லை, பன்மையில் இருக்கிறது. ஆபிரகாமே நமக்காகக் காத்திருக்கிறார் என்றால், நாம் யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம் என்று சொல்ல எங்கிருந்து துணிவு வந்தது?

ஆகையால் பிரியமானவர்களே, இந்த வாரத்தில் செய்யவேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு ஜெபக்குழுவிலும் இரண்டிரண்டு குடும்பங்களாக இணையுங்கள். ஒரு குடும்பம் இரண்டு ஞாயிறு வராவிட்டால் மூன்றாம் ஞாயிறுக்குள் அதன் இணைக் குடும்பம் அந்த வீட்டுக்குப் போயிருக்கட்டும். குற்றஞ்சாட்ட அல்ல, கூட உட்கார. தேர்வு முடிவு வரும் நாளில் தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு முதலாவது போங்கள். வென்ற பிள்ளைக்குச் சால்வை பிறகு போடலாம். சாட்சி நேரத்தில் இன்னும் விடுதலை கிடைக்காதவனும் பேசட்டும்.

கடைசியிலே கர்த்தர் நம்மைச் சந்திக்கும்போது, எத்தனையாவதாக வந்தாய் என்று அவர் கேட்பதாக வேதத்தில் எங்கும் இல்லை. உன் சகோதரன் எங்கே என்ற கேள்வியோ முதற்புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குக் காயீன் சொன்ன பதிலை நாம் சொல்லாதபடி ஆண்டவர் நம்மைக் காப்பாராக. ஆமென்.