முதலில் எது என்று கேட்கிறவர்களுக்கு

மார்லன் ரிக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர் 1989இல் எடுத்த 'டங்ஸ் அன்டைட்' ஆவணப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், வலதுசாரிகள் அதன்மேல் பாய்ந்த கதையைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கதை உண்மைதான். 1991இல் பொதுத் தொலைக்காட்சிக்கு அது வந்தபோது பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. 1992இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் இருந்த பாட் புக்கானன், அதிபர் புஷ்ஷைத் தாக்க இந்தப் படத்திலிருந்தே காட்சியை வெட்டி விளம்பரமாக்கி ஜார்ஜியாவில் ஓட்டினார். மக்கள் வரிப்பணம் ஆபாசத்துக்குப் போகிறதாம்! அரசுக் கலைநிதியிலிருந்து ரிக்ஸுக்குக் கிடைத்தது 5,000 டாலர். நாள் முழுக்க அடுத்தவன் பணத்தை எண்ணிக் கட்டுகிறவன் நான். இந்தக் கணக்கு எனக்கு நல்லாவே புரியுது. காசு அல்ல, ஒரு கறுப்பன் இன்னொரு கறுப்பனைத் தொடுவதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் படம் புக்கானன்களோடு மல்லுக்கட்டவில்லை. தன் சனங்களோடு பேசுகிறது. ரிக்ஸே கேமரா முன் நின்று தன் வாழ்க்கையைச் சொல்கிறார். அதே ஜார்ஜியாவில்தான் அவருடைய சிறுவயதின் ஒரு பகுதி கழிந்தது. திரையை அடைத்துக்கொண்டு வாய்கள் வருகின்றன. ஒரு வாய் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறது, இன்னொரு வாய் 'பொட்டை' என்கிறது. பிறகு சான்பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதி. அங்கே தன்பால் காதலுக்கு இடமுண்டு, கறுப்புத் தோலுக்கு இல்லை. தன் சாயலுள்ள முகம் அங்கே கேலிப்பொருளாகத்தான் கிடைக்கிறது.

வீட்டுக்குள்ளும் அதே கதை. கறுப்பர்கள் கொண்டாடும் எட்டி மர்ஃபி மேடையில் இவர்களைக் கிண்டலடிப்பதை ரிக்ஸ் அப்படியே காட்டுகிறார். போதகர் பாவம் என்கிறார். போராளியோ, கடைசி மோதல் வந்தால் நீ முதலில் கறுப்பனா, இல்லை 'அவனா' என்று விசுவாசத்தை உரசிப் பார்க்கிறார்.

"பெரிய சண்டை முடியட்டும், ஒங்க பிரச்சினைய அப்புறம் பாக்கலாம்." எந்த இயக்கத்தில் இந்தப் பேச்சு இல்லை, சொல்லுங்க தோழர்களே? இதைச் சொல்கிற யாரும் தன் காதலையும் கல்யாணத்தையும் அப்புறத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்தவரில்லை. ரிக்ஸ் இந்த வரிசையையே ஏற்கவில்லை. குடியுரிமைப் போராட்ட ஊர்வலத்தையும், தன்னைப் போன்றவர்கள் நடந்த ஊர்வலத்தையும் ஒன்றோடொன்று பின்னிக் காட்டுகிறார். விருந்தாளியா வரல, பங்காளியா வர்றான்.

எய்ட்ஸ் நோயால் 1994 ஏப்ரல் 5 அன்று ரிக்ஸ் இறந்தார், 37 வயதில். கடைசிப் படமான 'பிளாக் இஸ், பிளாக் எய்ன்ட்' வேலையை மருத்துவமனைக் கட்டிலிலும் விடவில்லை. கூட இருந்தவர்கள் அதை முடித்தார்கள். அதிலும் தன் சனத்தைப் பார்த்துத்தான் கேள்வி: கறுப்பர் என்ற கணக்கில் யாரையெல்லாம் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?