குருத்தோலையும் கூக்குரலும்

திருநாட்களுள் கண்ணுக்கினிய காட்சி நல்குவது குருத்தோலை ஞாயிறு. சிறுவரும் முதியோரும் இளமஞ்சள் ஓலைகளை ஏந்தி, ஓசன்னா பாடி வரும் பவனியைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும், வாயால் முழங்கும் சொல் யாது, கையில் ஏந்திய ஓலை யாது என்று நம்முள் எத்துணைப் பேர் எண்ணியுள்ளோம்?

முதற்கண் சொல்லை நோக்குவோம். ஓசன்னா என்பதை வெற்றி முழக்கம் என்றே கொண்டுள்ளோம். எபிரெய மொழியிலோ அஃது 'இரட்சித்தருளும்' என்னும் விண்ணப்பம். 118-ஆம் சங்கீதத்தில் வரும் வேண்டுதல். மக்கள் அதனை ஆரவாரமாக எழுப்பினர். ஆண்டவரோ எருசலேம் நகரைக் கண்டு கண்ணீர் விட்டார் என லூக்கா உரைக்கின்றார். கூட்டம் பாட்டாகப் பாடியதன் உள்ளே இருந்த கூக்குரலை அவர் கேட்டார் போலும்.

இனி ஓலையை நோக்குவோம். மக்கள் மரக்கிளைகளைப் பரப்பினர் என மத்தேயு கூற, குருத்தோலை எனக் குறித்தவர் சுவிசேஷகருள் யோவான் ஒருவரே. நம் நாட்டில் அதற்குத் தென்னையையும் பனையையும் நாடுகின்றோம். தென்னைக்குக் கிளையில்லை, வளர்முனை ஒன்றே. செழித்த மரமும் திங்களுக்கு ஓர் ஓலை அளவிலேயே ஈனும். ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை தோன்றும். ஆதலின் விரியாக் குருத்தொன்றைத் தருவது, மரம் தன் வருங்காலத்தில் ஒரு பங்கைத் தருவதாம்.

இவ்வுண்மையைக் கீரமங்கலத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து அவ்வூரும் சுற்றூர்களும் தென்னைக்கும் பலாவுக்கும் மலர்களுக்கும் பேர்பெற்றவை. 2018 நவம்பர் 16 வைகறையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், அப்பகுதித் தோப்புகளை ஓரிரவில் சாய்த்தது. கிளைமரம் முறியின் பிறிதோரிடத்துத் தளிர்க்கும். தலை திருகுண்ட தென்னை மீண்டும் தளிர்ப்பதில்லை. நட்ட தென்னம்பிள்ளை காய்க்கவோ ஆண்டுகள் பல வேண்டும்.

அடுத்த ஆண்டு மார்ச்சு 6 சாம்பற்புதன். முன்னாண்டுக் குருத்தோலைகளை எரித்து அந்நாளுக்குரிய சாம்பலை எடுப்பது திருச்சபை வழக்கம். அவ்வழக்கின்படி நோக்கின், அவ்வாண்டு நெற்றியில் இடப்பெற்றது புயலுக்கு முன் அரிந்த ஓலைகளின் சாம்பலாம். பின்னர் ஏப்ரல் 14 குருத்தோலை ஞாயிறு வந்தது. தோப்பிழந்த நாட்டில் அன்று ஒரு குருத்தின் விலை யாது? அங்கே ஓசன்னா என்பது பாட்டாகுமோ, கூக்குரலாகுமோ?

திருநாளில் துயரம் பேசலாமோ எனச் சிலர் வினவுவர். யாம் மகிழ்ச்சியை மறுத்தோமல்லேம். கேட்பார் ஒருவரும் இலர் என்று துணிந்தவன் கூவுவதில்லை. கேட்பவர் உளர் என்பதனாலன்றோ கூவுகின்றோம்! அந்நம்பிக்கையே இத்திருநாளின் மகிழ்ச்சி. அஃது இன்றேல் பவனி வெறும் ஊர்வலமே.

மாணாக்கர்காள்! பழுத்து வீழ்ந்த மட்டையை எவரும் பவனிக்குக் கொணர்வதில்லை. நம் தருமங்களோ பெரும்பாலும் வீழ்ந்த மட்டைகளே: உடுத்துக் கழித்த ஆடை, வேண்டாத புத்தகம், வேலையெல்லாம் முடிந்தபின் எஞ்சிய நேரம். உத்தியோகத்தில் ஓய்வு பெற்றபின் ஊருக்கு உழைப்போம் என்று எண்ணுதலும் அத்தகையதே. உங்கள் கையிலிருப்பது குருத்துப் பருவம். விடுமுறையில் ஒரு திங்களை, புயலாலோ வறுமையாலோ படிப்புத் தடைப்பட்ட ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்லக் கொடுங்கள். கொடுப்பதில் சிறிது நோவு உண்டாகும். அந்நோவு இல்லாத ஓலை குருத்தோலை அன்று.