குரலுக்கு உடையவர் யார்?

காலஞ்சென்ற பாடகர்களைக் கொண்டு புதிய பாட்டுக்களைப் பாடுவிக்கும் வழக்கம் தமிழ் சினிமாவில் வேரூன்றத் தொடங்கியிருக்கிறது. 2024-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ‘லால் சலாம்’ படத்துக்காக ஜனாப் ஏ. ஆர். ரஹ்மான் வெளியிட்ட ஒரு பாட்டில், 1997-ல் விபத்தில் மாண்ட ஜனாப் ஷாகுல் ஹமீதின் குரலும், 2022-ல் காலமான ஸ்ரீ பம்பா பாக்யாவின் குரலும் ஒலித்தன. அதே வருஷம் ஜனவரியில் காலமான ஸ்ரீமதி பவதாரிணியின் குரலை, அவருடைய சகோதரர் ஸ்ரீ யுவன் சங்கர் ராஜா ‘கோட்’ படத்துக்கு அமைத்த பாட்டில் ஜூன் மாதம் கேட்டோம். பிறகு ‘வேட்டையன்’ படத்தில், 2011-ல் மறைந்த ஸ்ரீ மலேசியா வாசுதேவனின் குரல் கேட்டது. இவர்களில் ஒருவரும் அந்தப் பாட்டுக்களைப் பாடவில்லை. அவற்றின் மெட்டை அவர்கள் கேட்டதுமில்லை. செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திர வித்தை அவர்களுடைய குரலைப் பூண்டுகொண்டு பாடியது.

இதைச் செய்தவர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. இறந்துபோன தமக்கையின் குரலை மறுபடி கேட்க விரும்பிய தம்பியை யார்தான் குறை கூறுவார்கள்? இரு பாடகர்களின் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்றதாகவும், தக்க சன்மானம் அளித்ததாகவும் ஜனாப் ரஹ்மான் பகிரங்கமாக அறிவித்தார். அது கண்ணியமான காரியம். அப்படி அறிவிக்க வேண்டுமென்று அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கவனித்தால் அவருடைய கண்ணியம் இன்னும் விளங்கும். நம்முடைய கவலையும் அங்கேதான் தொடங்குகிறது.

ஏனெனில், எல்லோரும் ரஹ்மான்கள் அல்ல. 2023-ல் வெளிவந்த ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில், 2020-ல் மறைந்த ஸ்ரீ எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை யந்திரத்தால் உண்டாக்கி உபயோகித்திருக்கிறார்கள். தங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவருடைய குமாரர் ஸ்ரீ சரண் 2024-ம் வருஷத் தொடக்கத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களைப் பாடியதாகச் சொல்லப்படுகிற ஒரு மகா வித்வானின் குரலுக்கே இந்தக் கதியானால், ஐந்தாறு படங்களில் மட்டும் பாடிவிட்டுப் போன ஏழைப் பாடகரின் குரலை யார் காப்பாற்றுவது?

இந்த வித்தையின் வழியை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பாடகர் முன்பு பாடி வைத்த ஒலிப்பதிவுகளை யந்திரத்துக்குள் செலுத்துகிறார்கள். அந்தக் குரலின் கனம், அதிர்வு, உச்சரிப்பு, மூச்சு விடும் இடம் எல்லாவற்றையும் அது கணக்கிட்டுக் கொள்கிறது. பிறகு உயிரோடிருக்கும் வேறொரு பாடகர் புதிய பாட்டைப் பாடுகிறார். அவருடைய குரலைக் களைந்துவிட்டு, இறந்தவரின் குரலை யந்திரம் அதன்மேல் போர்த்திவிடுகிறது. பாவமும் கமகமும் தாளக் கட்டும் உயிரோடிருப்பவருடையவை. நாதத்தின் சாயல் மட்டுமே மறைந்தவருடையது. ஆகவே இதில் அநியாயத்துக்கு உள்ளாகிறவர் ஒருவரல்லர், இருவர். மறைந்தவர் கேட்கப்படவில்லை. இருப்பவரோ, பாடியும் பாடாதவராகிறார். ஒலிப்பதிவுக் கூடங்களில் ‘டிராக்’ பாடிப் பிழைக்கும் வாலிபர்களையும் யுவதிகளையும் சினிமாத் துறையினர் நன்கறிவார்கள். என்றாவது ஒரு நாள் தம் குரல் படத்திலேயே நிலைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் சொற்பக் கூலிக்குப் பாடுகிறார்கள். இனி அவர்கள் வாழ்நாள் முழுவதும் பிறர் குரலுக்கு எலும்புக்கூடாகவே இருக்க வேண்டியதுதானா?

கிராமபோன் வந்தபோதும் இப்படித்தான் கூக்குரலிட்டார்கள், ஒலிபெருக்கி வந்தபோதும் சங்கீதம் செத்தது என்றார்கள், பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். வாதம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. கிராமபோன் என்ன செய்தது? 1933-ல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா எதைப் பாடினாரோ அதை அவ்வாறே வைத்திருந்து நமக்குத் தருகிறது. அவர் பாடாத ஓர் அட்சரத்தையும் அது அவர் வாயில் வைக்கவில்லை. ஒலிபெருக்கியோ மெல்லிய குரலையும் நூறு கெஜம் கொண்டு சென்றது, அவ்வளவுதான். இந்தப் புதிய யந்திரம் செய்கிற காரியத்தை அவற்றோடு ஒரே தராசில் வைக்க முடியாது.

கிட்டப்பாவின் மனைவியார் ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளை எண்ணிப் பாருங்கள். கணவர் இறந்த பிறகு வெண்ணிற ஆடை உடுத்து, ஆடவருடன் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டவர் அவர். 1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு லட்ச ரூபாய் கொடுத்து அழைத்தபோதுகூட, நந்தனாராக ஆண் வேஷம் தரித்தே நடித்தார். காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாட்டுக்களைப் பாடி ஜனங்களைத் தட்டி எழுப்பிய குரல் அது. அந்தக் குரலை இன்று யந்திரத்தில் போட்டு ஒரு காதல் டூயட்டைப் பாட வைக்கலாம். மதுபான விளம்பரத்துக்கும் பாட வைக்கலாம். பத்து நிமிஷ வேலை! ஒரு கலைஞர் எதைப் பாடினார் என்பதைப் போலவே, எதைப் பாட மறுத்தார் என்பதும் அவருடைய வாழ்வின் சாதனைதான். இருபது வருஷம் பாடிச் சேர்த்த புகழைக் காட்டிலும், ஒரு முறை ‘மாட்டேன்’ என்று சொன்னது பெரிதாக இருக்கலாம். அந்த ‘மாட்டேன்’ என்ற சொல்லை அழித்துவிடும் சக்தி இந்த யந்திரத்துக்கு இருக்கிறது.

அரசியல் ஊழியம் செய்யும் நம் வாசகர்களுக்கு இது வெறும் சினிமா விவகாரமாகத் தோன்றலாகாது. 2024-ம் வருஷம் ஜனவரியில் தி.மு.க. மாநாட்டில் 2018-ல் காலமான ஸ்ரீ மு. கருணாநிதி யந்திரத்தின் மூலம் பேசினார். பிப்ரவரியில் அ.தி.மு.க. வெளியிட்ட ஒலிப்பதிவில் 2016-ல் காலமான செல்வி ஜெயலலிதா பேசினார். பாட்டுக்கு வந்தது பிரசங்கத்துக்கும் வந்துவிட்டது. ஓட்டர்களிடம் இறந்தவர்களை அனுப்பி ஓட்டுக் கேட்கும் இந்த முறையைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுவோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1957-ம் வருஷத்திய பதிப்புரிமைச் சட்டத்தில், பாடுகிறவர்களுக்கு 1994 வரையில் எந்த இடமும் இல்லை. அந்த வருஷத்துத் திருத்தம்தான் அவர்களுக்குத் தனி உரிமை வழங்கியது. 2012-ம் வருஷத் திருத்தம் அதை விஸ்தரித்து, வியாபாரத்துக்குப் பயன்படும் பாட்டுக்கு ராயல்டியில் பங்கும், பாடியவர் பெயரைக் குறிப்பிட வேண்டுமென்ற உரிமையும், பாட்டைச் சிதைத்துத் தம் பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமையும் அளித்தது. நல்ல திருத்தந்தான். ஆனால் இந்த உரிமைகள் யாவும் பாடகர் பாடிய பாட்டைப் பற்றியவை. அவர் பாடாத பாட்டு அவருடைய குரலில் வந்தால்? அந்தப் பாட்டுக்கு அவர் பாடகரல்லவே! பாட்டு உண்டு, மெட்டு உண்டு, ஒலிப்பதிவு உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் ஒரு சொந்தக்காரர் உண்டு. குரலுக்கு மட்டும் இல்லை. எழுத்திலும் தட்டிலும் பதிந்ததைச் சொத்தாகக் கண்டவர்கள், தொண்டை ஒரு நாள் உடலை விட்டுத் தனியே பிரியும் என்று எப்படி எண்ணியிருக்க முடியும்?

உயிரோடு இருப்பவர்களுக்குக் கோர்ட்டுகள் ஓரளவு அடைக்கலம் தந்திருக்கின்றன. 2024 ஜூலையில் ஸ்ரீ அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், ஒரு பிரபலஸ்தரின் குரலை அவருடைய அனுமதியின்றி யந்திரத்தால் உண்டாக்குவது அவருடைய உரிமையை மீறுவதாகும் என்று பம்பாய் ஹைக்கோர்ட் கூறி இடைக்காலத் தடை விதித்தது. 2025-ல் ஸ்ரீமதி ஆஷா போஸ்லேக்கும் அதே கோர்ட்டு அவ்விதமே உத்தரவு அளித்தது. சந்தோஷம். ஆனால் ‘பிரபலஸ்தர்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கோர்ட்டுக்குப் போகப் புகழும் வேண்டும், பணமும் வேண்டும். கிராமிய மேளத்தில் பாடுகிறவனுக்கும், கோவில் திருவிழாவில் பாடும் ஓதுவாருக்கும் இரண்டும் கிடையா.

இறந்தவர்களுடைய நிலைமையோ இன்னும் மோசம். செல்வி ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படத்தைப் பற்றிய வழக்கில், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய புகழும் அந்தரங்க உரிமையும் அவரோடு மறைந்துவிடுகின்றன, வாரிசுகளுக்கு நிலபுலனைப் போல் இறங்கா என்று சென்னை ஹைக்கோர்ட் 2021-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் டில்லி ஹைக்கோர்ட்டும் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் சம்பந்தமான வழக்கில் ஏறக்குறைய அப்படியே சொல்லிற்று. சரித்திரம் எழுதும் சுதந்திரத்தைக் காக்க அத்தீர்ப்புக்கள் அவசியமாயிருக்கலாம்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே நியாயத்தைக் குரலுக்கும் வைத்தால் என்ன ஆகும்? குடும்பத்தாரின் அனுமதி வெறும் மரியாதைச் சடங்காகிவிடும். அவர்கள் ‘கூடாது’ என்றாலும் தடுக்கச் சட்ட பலமிராது.

குடும்பத்தாருக்குச் சட்ட பலம் தந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதே நமது அபிப்பிராயம். பிள்ளை தந்தையின் வீட்டை விற்கலாம். தந்தை என்ன பாட விரும்பியிருப்பார் என்பதை விற்கப் பிள்ளைக்கு என்ன அதிகாரம்? நல்ல பிள்ளையாயிருந்தால் காப்பாற்றுவான். கடன்காரப் பிள்ளையாயிருந்தால் காபித்தூள் விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுவான். பாடகர் தாம் உயிரோடிருக்கும்போது, இன்ன காரியத்துக்கு, இன்ன காலம் வரையில் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தாலன்றி, அவர் பாடாத பாட்டை அவர் குரலில் உண்டாக்கலாகாது. வாரிசுகளுக்கு அதைத் தடுக்கும் உரிமையும், அனுமதித்த இடத்தில் ஊதியம் பெறும் உரிமையும் இருக்கட்டும். புதிதாக அனுமதிக்கும் உரிமை வேண்டாம். இந்த விதியின்படி பார்த்தால், நாம் மேலே போற்றிய பாட்டுக்களில் சிலவும் வந்திருக்க மாட்டா. வராமல் போயிருந்தால் குடி முழுகியிராது.

‘கலை ஜனங்களின் சொத்து, பாரதியின் பாட்டுக்களை நாட்டுடைமையாக்கக் கிளர்ச்சி செய்த தமிழர்களா குரலுக்கு வேலி கட்டுவது?’ என்று ஒரு நண்பர் கேட்கிறார். தக்க கேள்வி. பாரதியாரின் பாட்டுக்களைச் சினிமாவிலும் இசைத்தட்டிலும் உபயோகிக்கும் உரிமை ஒரு சினிமா ஸ்தாபனத்தின் வசம் இருந்தது. ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பின்னர் அது பொதுச் சொத்தாயிற்று. எதற்காக? ஒவ்வொரு தமிழனும் தன் சொந்தக் குரலில் அவற்றைப் பாடுவதற்காக! டி. எம். சௌந்தரராஜனைப் போலப் பாட வேண்டுமென்று மெல்லிசைக் குழுவில் தொண்டை கிழியப் பயிற்சி செய்கிறானே வாலிபன், அவனை யாரும் தடுக்கவில்லை. அவன் செய்வது குரு தட்சிணை. தன் தொண்டையால் செய்கிறான். ‘இது நான்தான்’ என்று சபை முன் நிற்கிறான். யந்திரத்துக்குப் பின்னால் நிற்கிறவன் அப்படி நிற்பதில்லை.

அன்னிய நாட்டார் தூங்கவில்லை. அமெரிக்காவில் டென்னஸி மாகாணம், சங்கீத வியாபாரமே அதன் ஜீவாதாரமாகையால், 2024 மார்ச்சில் குரலைச் சொத்தாக ஏற்கும் சட்டத்தை இயற்றி, அவ்வருஷம் ஜூலையில் அமுலுக்குக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் அதே வருஷம் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, மறைந்த கலைஞரின் யந்திரப் பிரதியை அனுமதியின்றி உண்டாக்குவோர் மீது வழக்குத் தொடர இடமளிக்கிறது. மற்றது நம்மவர்களுக்கு இன்னும் உபயோகமானது: கலைஞருடைய ஒப்பந்தத்தில், யந்திரப் பிரதியை எதற்கு உபயோகிக்கப் போகிறார்கள் என்று தெளிவாகச் சொல்லாமலும், அவருக்கு வக்கீலோ தொழிற்சங்கமோ துணை நிற்காமலும் எழுதிக்கொண்ட ஷரத்துச் செல்லாது என்கிறது.

நம்முடைய மத்திய சர்க்காரோ வேறு திசையில் யோசிப்பதாகத் தெரிகிறது. 2025 டிசம்பரில் அதன் தொழில் வர்த்தக இலாகா வெளியிட்ட ஆலோசனைப் பத்திரத்தில், சட்டப்படி கிடைக்கும் படைப்புக்கள் யாவற்றையும் யந்திரத்தின் பயிற்சிக்கு உபயோகிக்கலாம், உரிமையாளர் ராயல்டி பெறலாமேயன்றித் தடுக்க முடியாது என்ற யோசனை கூறப்பட்டிருக்கிறது. பணம் வரும், ‘மாட்டேன்’ என்ற சொல் போய்விடும்! எழுத்துக்கும் படத்துக்கும் இது ஏற்றதா என்பதைப் பிறர் விவாதிக்கட்டும். குரலுக்கு ஏற்றதல்ல. இந்த யோசனை சட்டமாக வடிவெடுக்குமானால், பாடகரின் குரலைப் பிரதி செய்வதற்கு அதிலிருந்து விலக்களிக்க வேண்டுமென்று தமிழ்நாட்டு அங்கத்தினர்கள், எக்கட்சியினராயினும், பார்லிமெண்டில் வற்புறுத்த வேண்டும். பாட்டில் யந்திரக் குரல் இருந்தால் அதையும், அதற்கு அடியில் பாடியவரின் பெயரையும் தட்டிலும் திரையிலும் போட வேண்டுமென்பதையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

சட்டம் வரும்வரை கலைஞர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இன்றைய ஒப்பந்தப் பத்திரங்களில், ‘இப்போதுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா முறைகளிலும்’ என்று ஒரு வரி சிறு எழுத்தில் இருப்பதைப் பாடகர்கள் பார்த்திருப்பார்கள். படியாமலே கையெழுத்திடும் வரி அது. பாடகர் சங்கத்தார் வக்கீலை வைத்து, அந்த வரிக்கு மாற்றாக ஒரு ஷரத்தைத் தமிழில் எழுதி அச்சிட்டு, சென்னையிலுள்ள ஒவ்வொரு ஒலிப்பதிவுக் கூடத்திலும் கிடைக்கும்படி செய்யட்டும். அதைச் சேர்க்க மறுக்கும் படத் தயாரிப்பாளர்களின் பெயர்களைச் சங்கமே வெளியிடட்டும்.