25 செ.மீ.யில் தவித்த ஜெர்மனி!

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் கௌப் என்று ஒரு குட்டி ஊர். சரக்குப் படகுக்காரர்களின் கண் எப்போதும் அங்குள்ள நீர்மட்ட அளவுகோல் மேல்தான். 2018 அக்டோபரில் அது 25 செ.மீ.க்கு இறங்கியது. (ஆற்றின் ஆழமே அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். படகு போகும் தடத்தில் அதைவிட ஒரு மீட்டருக்கும் மேல் கூடுதலாகத் தண்ணீர் இருக்கும்.)

தரை தட்டாமல் போக, சரக்கைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். 100 லாரி சரக்கைச் சுமக்கும் படகு பாதிகூட நிரம்பாமல் போனால், வாடகை எகிறத்தானே செய்யும்? பெட்ரோல் விலை ஏறியது. அரசு அவசரக் கையிருப்பைத் திறந்தது. லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன ஆலை உற்பத்தியைக் குறைத்தது. நஷ்டம், சுமார் 25 கோடி யூரோ!

சூடுபட்ட அந்த நிறுவனம், தண்ணீர் குறைந்தாலும் ஓடும் டேங்கர் படகு ஒன்றை உருவாக்க வைத்தது. 2023-ல் வந்த அந்தப் படகு, கௌப்பில் 30 செ.மீ. இருந்தாலே 800 டன் ஏற்றிச் செல்லுமாம்.