கையடக்க விளையாட்டுக் கருவி நம் ஊரில் விலைபோகுமா?

உலகமெங்கும் விலைபோகும் பண்டம் நம் ஊர்க் கடைத்தெருவிலும் விலைபோகும் என்று சொல்லிவிட முடியாது. வணிகவியல் வகுப்பில் சந்தை பற்றிய பாடத்தைப் படிக்கும்போது இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் புதிதாக ஒரு பொருள் வெளிவந்து, செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடத் தொடங்கியதும் மறந்துவிடுகிறோம். அவ்வாறு கொண்டாடப்பட்ட ஒரு பொருளைப் பற்றி என் கருத்தைத் தோழியர், அருட்சகோதரிகள், பெற்றோர் ஆகிய அனைவர் முன்பும் வைக்க விழைகிறேன்.

ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனம் 2025 ஜூன் 5ஆம் நாள் ‘ஸ்விட்ச் 2’ என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதைக் கையில் பிடித்தும் ஆடலாம். தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தும் ஆடலாம். நான்கே நாட்களில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் விற்றன. அவ்வாண்டு செப்டம்பர் முடிவதற்குள் அந்தக் கணக்கு ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்து விற்கத் தொடங்கிய ஒரு கம்பெனிக்கு இது பெரிய வளர்ச்சிதான்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். வெளிவந்தபோது அமெரிக்காவில் இக்கருவியின் விலை 449.99 டாலர். அன்றைய நாணய மாற்றின்படி ஏறத்தாழ 38,000 ரூபாய். 2025-26ஆம் நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின்கீழ்த் தமிழகத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். செங்கத்திலோ போளூரிலோ உள்ள ஒரு தாய்க்கு நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்து, அதில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்து வைத்தாலும் 33,600 ரூபாய்தான் தேறும். கருவிக்கே அது போதாது. ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ என்னும் ஆட்டத்தைத் தனியாக வாங்கினால் இன்னும் 80 டாலர், அதாவது ஆறாயிரத்துச் சொச்சம். இதுவும் அமெரிக்க விலைதான். இந்தக் கருவியை இந்தியாவில் விற்க நின்டெண்டோ தானே கடை விரிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் வணிகரிடம் வாங்கினால் சுங்க வரி, 18 விழுக்காடு சரக்கு சேவை வரி, அவருடைய இலாபம் எல்லாம் ஏறும். பழுதானால் நிறுவனத்தின் உத்தரவாதம் இங்கே செல்லாது. முதல் ஸ்விட்ச் கருவியில் திசை காட்டும் குச்சி தானாகவே நகரும் கோளாறு உலகமெங்கும் புகாருக்கு உள்ளானது. அத்தகைய பழுது நம் ஊரில் நேர்ந்தால் அதைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் பேருந்து ஏற வேண்டும். போகவர ஏறத்தாழ 400 கிலோமீட்டர்!

வேறு நிறுவனங்களின் கதையும் இதுவே. ஆசுஸ் நிறுவனம் 2023 ஜூலையில் தன் கையடக்கக் கருவியை இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு வெளியிட்டது. சோனியின் ‘பிளேஸ்டேஷன் போர்ட்டல்’ 2024இல் 18,990 ரூபாய்க்கு வந்தது. ஆனால் வீட்டில் அந்நிறுவனத்தின் பெரிய விளையாட்டுக் கருவி இல்லாதவர்க்கு அதனால் பெரும் பயனில்லை. பசு இல்லாத வீட்டுக்குப் பால் செம்பு வாங்கியதுபோல!

ஆகவே விலைதான் தடை என்று முடித்துவிடலாமா? முடித்துவிடக் கூடாது என்பதே என் எண்ணம். நம் ஊரில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய்க் கைபேசிகளைத் தவணை முறையில் வாங்காத தெரு உண்டா? வேண்டும் என்று தோன்றினால் வாங்குகிறோம். கைபேசி ஒன்றுக்குப் பத்தாய்ப் பயன்படுகிறது. பேசலாம், பணம் அனுப்பலாம், படம் பார்க்கலாம், ஆடவும் செய்யலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தபிறகு, விளையாட்டுக்கென்று தனிக்கருவி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அதே 2016இல் வெளிவந்த ‘லூடோ கிங்’ நம் பாட்டிமார் ஆடிய தாயத்தின் தம்பியைக் கைபேசிக்குள் காசில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டது. ஸ்விட்ச் 2க்கு நம் ஊரில் போட்டி மற்றொரு விளையாட்டுக் கருவி அன்று. அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் கைபேசிதான்.

அறிஞர் பலரும் கட்டுரையை இவ்விடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ‘இந்தியா கைபேசி நாடு, தனிக்கருவி இங்கே எடுபடாது’ என்பது அவர்கள் தீர்ப்பு. தோழியரே, அந்தக் கைபேசி யாருடையது என்று அவர்கள் கேட்டதுண்டா?

நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தமாகக் கைபேசி உண்டு என்று வகுப்பில் கையைத் தூக்கச் சொன்னால் விடை கிடைத்துவிடும். பல வீடுகளில் ஒன்று அப்பாவுடன் வேலைக்குப் போகிறது. மற்றொன்று வீட்டில் இருந்தால் அது அண்ணன் கையில் இருக்கிறது. தம்பிக்குச் சோறு ஊட்டுவதற்கும் அதுவே வேண்டும். நம் முறை வரும்போது வகுப்புக் குழுவில் ஆசிரியை அனுப்பிய வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் ‘இன்னும் என்ன அதில் பார்வை?’ என்ற குரல் வந்துவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொல்கிறேன். கைபேசி நாடு என்று சொல்லப்படும் நாட்டில் பலர் கைபேசியைக் கடன் வாங்கித்தான் ஆடுகிறார்கள். சந்தையை அளப்பவர்கள் கைபேசிகளை எண்ணுகிறார்களே அன்றி, அவற்றைத் தொடக் காத்திருப்பவர்களை எண்ணுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம். ஆண்களுக்கு 88 நிமிடம். ஆறு வயது நிரம்பியவர் முதல் எல்லோரையும் சேர்த்த கணக்கு இது. ஆக, நம் வீட்டில் அண்ணனுக்குக் கிடைக்கும் ஓய்வு ஒரே துண்டாகக் கிடைக்கிறது. அவன் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுகிறான். நமக்கோ அது பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று துண்டு துண்டாகக் கிடைக்கிறது. சோறு வேகும்வரை, குழாயில் தண்ணீர் வந்து குடம் நிறையும்வரை, பேருந்து வரும்வரை.

கையடக்கக் கருவி என்ற எண்ணமே இத்தகைய துண்டு நேரத்திலிருந்துதான் பிறந்தது. நின்டெண்டோவில் பொறியாளராக இருந்த குன்பே யோகோய், அதிவேக இரயிலில் ஒரு பயணி பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு, உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டை நினைத்தார் என்று சொல்வார்கள். 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. கால்குலேட்டரின் திரையையும் சில்லையும் கொண்டே அது செய்யப்பட்டது. புத்தம்புதிய விஞ்ஞானத்தைத் தேடிப்போகாமல், பழகி, மலிந்துபோன பொருளைப் புதுவகையில் பயன்படுத்துவதே யோகோயின் கொள்கை.

அந்தக் கொள்கையின் வெற்றியை 1989இல் வந்த ‘கேம் பாய்’ காட்டியது. அதன் திரையில் வண்ணம் கிடையாது, பின்னால் விளக்கும் கிடையாது. பாசி படிந்த குளம்போல் ஒரு பச்சை. அமெரிக்க விலை 89.99 டாலர். அதை எதிர்த்து சேகா நிறுவனம் கொண்டுவந்த ‘கேம் கியர்’ வண்ணத்திரையும் விளக்கும் உடையது. அமெரிக்க விலை 149.99 டாலர். பார்த்தவர்கள் கேம் கியரைத்தான் மெச்சினார்கள். ஆனால் அது ஆறு பென்டார்ச் பேட்டரிகளை மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பதினைந்து மணி நேரமாவது ஓடியது. முடிவு என்ன? கேம் கியர் ஒரு கோடியை ஒட்டி நின்றது. கேம் பாய், பின்னால் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து, 11 கோடியே 86 இலட்சத்தைத் தாண்டியது. பேட்டரி வாங்கிக் கொடுக்கும் தாய்தந்தையரின் மனத்தை யோகோய் அறிந்திருந்தார் போலும்.

கேம் பாய் என்ற பெயரையும் கவனியுங்கள். ‘பாய்’ என்று பெயர் வைத்து விற்ற அந்தக் கருவியை ஆடியவர்களில் 46 விழுக்காட்டினர் பெண்கள் என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளையே 1995இல் அறிவித்தது. பெயர்ப்பலகையில் இடமில்லாவிட்டாலும் வாங்கும் கூட்டத்தில் பெண்கள் பாதிக்குச் சற்றே குறைவாக இருந்திருக்கிறார்கள். நமக்கு இது வியப்பன்று. இரண்டாக மடித்து மூடும் பல்லாங்குழிப் பலகையைக் கையடக்க விளையாட்டுக் கருவி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? பதினான்கு குழி, கொஞ்சம் புளியங்கொட்டை, பேட்டரியே வேண்டாம். அதைத் தலைமுறை தலைமுறையாக ஆடியவர்கள் பெண்களே.

நம் ஊரில் கையடக்கக் கருவிக்குச் சந்தை இல்லை என்பதும் பொய். கார்த்திகைத் தீபத்தின்போது வரும் திருவிழாக் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். வளையல், பொரி, பலூன் இவற்றுக்கு நடுவே, சாம்பல் நிறத் திரையில் கட்டங்கள் விழும் ‘பிரிக் கேம்’ தொங்கும். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தின் நகல்தான் அது. பெட்டியில் ‘9999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்க்க யாருக்குப் பொறுமை உண்டு? வண்ணத்திரையோடு ‘400 விளையாட்டுகள்’ என்று சொல்லும் மற்றொரு பெட்டியும் சில ஆண்டுகளாகச் சில நூறு ரூபாய்க்கு வருகிறது. அதில் ஒரே ஆட்டம் பெயர் மாறி மாறிப் பலமுறை வருவதுண்டு. பெரும்பாலானவை உரிமம் பெறாத நகல்கள் என்பதையும் சொல்லவேண்டும். பிறர் உழைப்பைக் கேட்காமல் எடுத்து விற்பது திருட்டே. பொத்தான்களும் நெடுநாள் உழைப்பதில்லை. இருந்தும் விற்கிறது. இவ்வளவு மட்டமான பண்டமே விற்குமானால், ஒழுங்காகச் செய்த பண்டம் ஏன் விற்காது?

பெற்றோர்களுக்கு ஒரு சொல். கைபேசியில் விளையாட்டு என்றதும் தங்கள் முகம் சுருங்குவது நியாயமே. இணையச் சூதாட்டத்தில் பணமிழந்து குடும்பங்கள் சிதைந்ததால்தான் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்து, 2023இல் அது நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் சட்டம் இயற்றியது. முகமறியாதவர் பேச்சுக்கொடுப்பார், பணம் போய்விடும், ஆபாசம் வந்து நிற்கும் என்ற அச்சம் எல்லாம் இணையம் என்னும் கதவு திறந்திருப்பதால் வருவது. இணையமே இல்லாத கருவியில் அந்தக் கதவே கிடையாது. வாங்கும்போது கொடுத்த பணத்தோடு செலவு முடிந்தது. பெரிய நிறுவனங்கள் குறை என்று ஒதுக்கும் இந்தத் தன்மையே நம் ஊரில் அதன் பெரிய விற்பனைச் சரக்கு.

‘பெண்பிள்ளைக்கு விளையாட்டுப் பெட்டி எதற்கு? அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. புத்தகமும் வாங்குங்கள். ஆனால் மகனுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா என்று பணிவோடு கேட்கிறேன். அருட்சகோதரிகள் அஞ்ச வேண்டாம். பள்ளிக்குக் கொண்டுவர நான் சொல்லவில்லை. பறிமுதல் செய்த பொருள்களால் அவர்கள் மேசை இழுப்பறை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது.

எனவே என் தீர்ப்பு இரண்டு பகுதியாகிறது. ஸ்விட்ச் 2 திருவண்ணாமலையில் விலைபோகாது. சென்னையிலும் பெங்களூரிலும் வசதியுள்ள சிலர் வாங்குவர், அவ்வளவே. விலையைக் குறைத்தால் ஓரளவு மாறலாம். இதே நின்டெண்டோ 2011 பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு வெளியிட்ட ‘3டிஎஸ்’ மந்தமாகப் போகவே, அதே ஆகஸ்டில் 15,000 யென்னாகக் குறைத்து, முடிவில் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. ஆனால் நமக்காக அவர்கள் அப்படிக் குறைப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஸ்விட்ச் 2 தமிழில் பேசுவதில்லை. இந்தி உட்பட எந்த இந்திய மொழியிலும் பேசுவதில்லை. நாம் அவர்கள் கணக்கில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கையடக்கக் கருவி என்னும் பண்டமோ இங்கே விலைபோகும். அதைச் செய்பவர் இந்நாட்டவராக இருப்பது நல்லது. விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள் இருக்கவேண்டும். பள்ளிச் சீருடைக்கும் காலணிக்கும் செலவிடும் அளவைத் தாண்டினால் அம்மா யோசிப்பார்கள். பொத்தான் தேய்ந்தால் பேருந்து நிலையத்துக்கு அருகில் கைபேசி பழுதுபார்க்கும் அண்ணனே மாற்றித்தரும்படி உதிரிப்பாகம் கிடைக்கவேண்டும். எழுத்தெல்லாம் தமிழில் இருக்கவேண்டும். நான்கைந்து ஆட்டங்கள் இருந்தால் போதும், உரிமம் பெற்றவையாக. அவற்றுள் ஒன்று பல்லாங்குழியாக இருக்கட்டும். குழாயில் தண்ணீர் நின்றதும் பாதி ஆட்டத்தில் மூடி வைத்து, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரும் வசதி மட்டும் கட்டாயம் வேண்டும். அப்படி ஒன்றை யாரேனும் செய்தால், முதல் சரக்கைத் தீபத்துக்குப் பத்து நாள் முன்னதாக நம் ஊரில் இறக்கட்டும். பெட்டியின்மேல் ஒரு சிறுமியின் படம் போடட்டும்.