பாவும் ஊடையும் சொன்ன பாடம்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரத்தாழ்வான் அவதரித்த கூரம் இருக்கிறதல்லவா? அங்கே பட்டுத்தறி போட்டிருக்கும் ஒரு வீட்டில், பத்தாம் வகுப்புப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"எக்ஸ் அச்சு படுத்திருக்கிறது. எக்ஸ் = 3 மட்டும் ஏனம்மா நிற்கிறது? பரீட்சையில் ஒவ்வொரு தடவையும் மாற்றிப் போட்டுவிடுகிறேன்!"

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய தாயார் தறியைக் காட்டினாள்.

"இந்தப் பாவு நூலைப் பாரடி. இடது ஓரத்திலிருந்து 3 அங்குலம். கிட்டே அளந்தாலும் 3, எட்ட அளந்தாலும் 3. ஊடை குறுக்கே ஓடுகிறது. நெய்ய ஆரம்பித்த இடத்திலிருந்து 5 அங்குலம் என்றால், இந்தக் கரையிலும் 5, அந்தக் கரையிலும் 5."

"புரிந்ததம்மா! மாறாமல் இருப்பதைத்தான் சமன்பாடு சொல்கிறது. பாவு, எக்ஸ் = 3; ஊடை, ஒய் = 5. படுத்திருக்கும் எக்ஸ் அச்சே ஒய் = 0தான்!"

ஊடைக்குச் சாய்வு பூஜ்யம். பாவுக்கோ பக்கவாட்டு நகர்வே இல்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாதே, ஆகையால் அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

1637-ல் டேக்கார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கோட்டையும் சமன்பாட்டையும் இணைத்து நூல் எழுதினார். தறியோ அதற்கும் வெகு முந்தியது.

சகோதரிகளே, "எனக்குக் கணக்கு வராது" என்று குழந்தை எதிரில் இனிச் சொல்வீர்களா?